லுவீனியாவின் ரப்பர் தந்திகள்

லுவீனியாவின் பாஞ்சோ வாத்தியத்தில் இருந்த தந்திகள் அத்தனையும் ரப்பர். எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் அதிலிருந்து ஈ பறக்கிற சத்தம்கூட வராது. அதை மடியில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆற்றுப் படித்துறையிலிருந்து கிளம்பும் 'லேடி மாரியன்' என்ற உல்லாசப் படகில், புரொபசர் கால்டரின் வாத்தியக் குழுவின் முன்வரிசையில் உட்கார்ந்து, அந்தக் கோடை முழுக்க அவள் வாசித்தாள். அதாவது, வாசிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் கேப்டன் வெய்லர். படகு அவருடையது, மேடை அவருடையது, மேடையில் இருப்பவர்களுக்குக் கூலி கொடுப்பதும் அவர். மேடை ஏறுகிற ஒவ்வொரு ஆள் கையிலும் ஒரு வாத்தியம் இருந்தே ஆகவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கையை வீசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் ஒன்று குடித்திருப்பான், இல்லை சோம்பேறியாக இருப்பான் என்பது அவருடைய ஞானம். பாட்டுப் பாடுவது ஒரு வேலை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? அப்போது யாருக்குமே தோன்றியதில்லை. நடனத்துக்கு வந்தவர்களுக்குக் கால் ஆட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் டிரம்ஸ்காரனோ டிராம்போன்காரனோ எழுந்து, அட்டையில் செய்த மெகாஃபோனை வாயில் வைத்து ஒரு சுற்றுப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவான். பாட்டு என்றால் சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி.

ஆனால் புரொபசர் கால்டருக்குக் காது கொஞ்சம் வேறு மாதிரி. குழுத் தலைவர் என்பதால் புரொபசர் என்று பட்டம். மற்றபடி பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காதவர். சர்ச் விருந்து ஒன்றில் மீன் பொரித்துப் போட்டுக்கொண்டே பாடிக்கொண்டிருந்த லுவீனியாவைக் கேட்டுவிட்டு, தட்டில் இருந்த மீனை மறந்து நின்றார். அவள் சலவை நிலையத்தில் சட்டைக் காலர் தேய்க்கிறவள். மறுநாளே ஒரு பழைய பாஞ்சோவுடன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"புரொபசர், எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே."

"தெரியாம இருக்கிறதுதான் நல்லது. அரைகுறையாத் தெரிஞ்சா கை சும்மா இருக்காது, அபஸ்வரமா எதையாவது தட்டி வெச்சிடுவ. அதான் ரப்பர் கட்டிட்டேன். சிரி, கையை ஆட்டு, உன் முறை வந்தா எழுந்து பாடு. வேற என்ன வேணும்?"

அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்க நீராவியில் வெந்து, கை தோல் உரிந்து, மேற்பார்வைக்காரன் திட்டுகிறபோது தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற அந்த இடத்துக்குத் திரும்பிப் போவதைவிட மிசிசிப்பி ஆற்றில் குதித்துவிடலாம் என்று நினைத்தவள் அவள். மேடையில் ஒரு சுற்றுதான் பாட்டு. ஆனால் அந்த ஒரு சுற்றுக்காக நாள் முழுக்கக் காத்திருக்க அவளால் முடிந்தது.

பக்கத்து நாற்காலி ஜூனியஸ் பீட்டுடையது. நிஜ பாஞ்சோ, நிஜத் தந்தி, நிஜ வித்வான். பருத்த மனிதர். தலையைக் கவிழ்த்துக்கொண்டு விரலைப் பார்த்தே வாசிப்பார், சிரிக்கவே மாட்டார். கேப்டன் காதுக்கு இரண்டு பாஞ்சோ கேட்க வேண்டும் என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே அடித்து நொறுக்க வேண்டியிருந்தது.

"நீ பாட்டுக்குக் காத்துக்கு முதுகு சொறிஞ்சு விடுற. எனக்குத் தோள்பட்டை கழண்டு போகுது" என்பார்.

"காத்துக்கும் அரிக்கும்ல, அண்ணே?"

"வாய் மட்டும் நிஜத் தந்தி" என்று முணுமுணுத்துவிட்டுத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். அவருக்கு அவளைப் பிடிக்காமல் இல்லை. அவளால் வந்த வேலைதான் பிடிக்கவில்லை.

இத்தனை நாளும் இது பிடிபடாமல் ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு. குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகும், கிளாரினெட் அதைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், டிராம்போன் கீழே இழுத்துக்கொண்டு வரும். எல்லோரும் ஒன்றாகப் பேசினாலும் சண்டை வராத வீடு அது. அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தக் கோடையில்தான் எல்லாம் மாறியது. கார்னெட் வாசிக்கிற க்ளோவிஸ் சிகாகோவுக்குப் போய்விட்டு வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை, புதுப் பழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தான். பாட்டு நடுவில் சட்டென்று எழுந்து நின்றான், மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டி அடக்கிவிட்டு, ஒரு சுற்று முழுக்கத் தானே தனியாக வாசித்தான். மெட்டையும் வாசிக்கவில்லை, மெட்டை உடைத்து, அதிலிருந்து தனக்குத் தோன்றியதை எடுத்து ஊதினான். அன்று திங்கட்கிழமை. மற்ற நாளெல்லாம் படகில் வெள்ளைக்காரர்கள் ஆடுவார்கள். திங்கட்கிழமை மட்டும் படகு கறுப்பர்களுக்கு, குழுவின் சொந்த ஜனங்களுக்கு. அந்தக் கூட்டத்துக்கு ஆட்டம் மட்டும் போதாது, காதும் நிறைய வேண்டும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வாயைப் பிளந்து கேட்டார்கள். முடிந்ததும் பலகை உடைகிற மாதிரி தரையை மிதித்தார்கள்.

அதற்கப்புறம் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியுமா? "தனி! தனி விடு, புரொபசர்!" என்ற கூச்சல்தான் திங்கட்கிழமை தோறும். அடுத்த வாரம் கிளாரினெட் எழுந்தது. அதற்கடுத்த வாரம் டிராம்போன். டியூபாகூட ஒரு சுற்றுத் தனியாக உறுமியது. அதைக் கேட்டு ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்ததுதான் இன்றுவரை யாருக்கும் புரியாத சங்கதி. ஒவ்வொரு நாற்காலியாக நெருங்கி நெருங்கி வந்தது. தன் நாற்காலிக்கு இன்னும் எத்தனை நாற்காலி மிச்சம் என்று லுவீனியா எண்ணத் தொடங்கினாள்.

புரொபசர் சாமர்த்தியசாலி. பாஞ்சோ வரிசை வரும்போதெல்லாம் பாட்டை முடித்துவிடுவார், இல்லாவிட்டால் டிரம்ஸ்காரனைக் கிளப்பிவிடுவார். ஒரு பாஞ்சோவுக்குத் தனி கொடுத்தால் அடுத்த பாஞ்சோவுக்கும் கேட்பார்கள் அல்லவா? அதனால் லுவீனியாவைக் காப்பாற்ற ஜூனியஸுக்கும் கிடைக்காமல் போனது. அவர் ஒரு தனி செய்து வைத்திருந்தார். தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மனைவி பாத்திரத்தை நங்கென்று வைக்கிற அளவுக்குத் திரும்பத் திரும்ப வாசித்து உருவாக்கியது. அதை மேடையில் வாசிக்க வேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசை, பார்க்கிற யாருக்கும் தெரியும். வாய்விட்டுக் கேட்கமாட்டார். புரொபசர் தாண்டிப் போகிறபோதெல்லாம் தலை இன்னும் கொஞ்சம் கவிழும். லுவீனியா வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை மதியம், படகு கரையில் நிற்க, ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது கேப்டன் சுருட்டோடு வந்தார்.

"கால்டர், ரெண்டு பாஞ்சோ எதுக்கு? எல்லாப் படகுலயும் சாக்ஸபோன் கூட்டுறாங்க. ஒரு பாஞ்சோவை அனுப்பிட்டு ஒரு சாக்ஸபோன் ஆளைப் பிடி."

லுவீனியாவின் கை அப்படியே நின்றது. நின்றாலும் வாசித்தாலும் ஒரே சத்தம்தான், அதனால் யாரும் கவனிக்கவில்லை. தீர்ந்தது, நாளைக்குச் சலவை நிலையம், என்று நினைத்துக்கொண்டாள்.

"யாரை அனுப்புறது, சார்?" என்று புரொபசர் மெல்லக் கேட்டார்.

"இதுல என்ன கேள்வி? அந்தப் பெரிய ஆளை அனுப்பு. பொண்ணு பிரமாதமா வாசிக்கிறா. என் சம்சாரமே சொல்றா, அந்தப் பொண்ணு வாசிப்புல என்ன ஒரு சுத்தம்னு."

சொல்லிவிட்டுச் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். முதலில் க்ளோவிஸுக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை. அப்புறம் டிரம்ஸ்காரன், அப்புறம் டியூபா, ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் ஜூனியஸ். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

"அவர் சொன்னதுல என்னப்பா தப்பு? இந்தக் கோடை முழுக்க இவ ஒரு அபஸ்வரம் வாசிச்சிருக்காளா? எனக்கு எத்தனை தடவை விரல் வழுக்கியிருக்கு!"

சிரித்து முடித்ததும் பாஞ்சோவைப் பெட்டியில் வைத்து மூடினார். மூடின பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மற்றவர்களின் சிரிப்பும் அடங்கிப்போனது.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன், அண்ணே" என்றாள் லுவீனியா.

"சொல்லு. நீயும் போவ, புரொபசரும் போவாரு. இத்தனை நாள் நம்மை ஏமாத்தினானுங்கன்னு மொத்தப் பேரையும் படித்துறையில இறக்கி விட்டுட்டு வேற குழுவைக் கூட்டிட்டு வருவான் அந்தாள். வாயை மூடிட்டு இரு."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியாயிற்று, வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், இனி என் மேல் குற்றமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

புரொபசர் ஒரு வழி கண்டுபிடித்தார். மேடைக்குப் பின்னால் அழகுக்காகத் தொட்டியில் வைத்த ஈச்சை மரங்கள் வரிசையாக நின்றன. இன்று மாலை அவற்றின் பின்னால் ஜூனியஸ் உட்கார்ந்து வாசிக்கட்டும். முன்னால் லுவீனியா கையை ஆட்டட்டும். கேப்டனுக்கு ஒரு பாஞ்சோ தெரியும், ஒரு பாஞ்சோ கேட்கும். பிறகு வேறு ஏதாவது யோசிக்கலாம்.

"மரத்துக்குப் பின்னாலயா?" என்று ஜூனியஸ் அவரையே பார்த்தார். "சரி. இந்த ஒரு திங்கக்கிழமைக்கு மட்டும்."

அன்று மாலை படகில் நிற்க இடமில்லை. ஊர்ச் சங்கத்துக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மீன் சாண்ட்விச் வாசனையும், எலுமிச்சை பானத்தில் யாரோ கலந்த வேறு வாசனையும் கலந்து அடித்தன. படகு நடு ஆற்றுக்குப் போனபோதுதான் புரொபசர் அதைக் கவனித்தார். திங்கட்கிழமைகளில் எட்டிக்கூடப் பார்க்காத கேப்டன், மனைவியோடு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் கண்டுபிடிப்பைக் காட்ட அழைத்து வந்திருக்கிறார், வேறென்ன?

க்ளோவிஸ் தனி வாசித்தான். கிளாரினெட் வாசித்தது. புரொபசர் வழக்கம்போல டிரம்ஸ் பக்கம் கையைக் காட்டப் போனார். முன்னால் நின்ற மஞ்சள் தொப்பிக்காரி விடவில்லை.

"ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணை ஏன்யா ஒதுக்குற? பாஞ்சோ பொண்ணுக்குத் தனி விடு!"

"பாஞ்சோ! பாஞ்சோ!" என்று தரை அதிர்ந்தது.

"அவளுக்கு இன்னிக்கு உடம்பு..." என்று புரொபசர் ஆரம்பித்தார்.

"விடுப்பா, கேக்கிறாங்கல்ல?" என்றார் கேப்டன், நாற்காலியில் இருந்தபடியே.

லுவீனியா எழுந்தாள். குழு முழுக்க அடங்கியது. ஆற்றைத் தள்ளுகிற பெரிய சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மெல்ல வந்தது.

"கையை ஆட்டு, புள்ள. நான் இருக்கேன்."

அவர் வாசித்தார். சமையலறையில் செய்து வைத்திருந்த அந்தத் தனிதான். முதலில் நிதானமாக, யாரோ படியேறி வருகிற மாதிரி வந்தது. பிறகு ஒரு இடத்தில் நின்று யோசித்தது. யோசித்துவிட்டு ஓடத் தொடங்கியது. இத்தனை நாள் இரண்டு பேருக்காக அடித்து நொறுக்கிய அதே கை இவ்வளவு மென்மையாகவும் பேசும் என்று லுவீனியாவுக்கே தெரியாது. கூட்டம் கத்தியது. அவளைப் பார்த்துத்தான் கத்தியது.

"கையைப் பாருடா! அந்தக் கையைப் பாரு!"

மஞ்சள் தொப்பிக்காரியின் கண் கலங்கியிருந்தது. கேப்டன் தன் மனைவியின் பக்கம் சாய்ந்து, நான் சொல்லவில்லையா என்பதுபோலத் தலையை ஆட்டினார். லுவீனியா சிரித்தாள், கையை ஆட்டினாள். இன்னும் பாதிச் சுற்று ஆட்டினால் போதும். நாற்காலி அவளுக்கு, கூலி அவளுக்கு, பேரும் அவளுக்கு. சலவை நிலையத்தின் நீராவியை இனி வாழ்நாளில் பார்க்க வேண்டாம். அதோடு, இந்தத் தனி இனி அந்த மனிதருக்கு ஒருநாளும் திரும்பிக் கிடைக்காது. இதை ஜூனியஸ் நாளைக்கு எங்கே போய் வாசித்தாலும், படகில் ஒரு பெண் வாசித்ததைத் திருடிவிட்டான் என்றுதான் சொல்வார்கள்.

கையை நிறுத்திவிட்டாள்.

பாஞ்சோ சத்தம் நிற்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், மறுபடி கையைப் பார்த்தார்கள். அவள் ஒரு தந்தியை இரண்டு விரலால் பிடித்து மோவாய் வரைக்கும் இழுத்தாள். ரப்பர் நீண்டுகொண்டே வந்தது. விட்டாள். தொப்பென்று போய் விழுந்தது.

யாரோ ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவள் அவனை அதட்டி அடக்கினாள். ஏனென்றால் லுவீனியா திரும்பி, ஈச்சைத் தொட்டியை இரண்டு கையாலும் தள்ளி நகர்த்திக்கொண்டிருந்தாள். பின்னால், கவிழ்த்த மரப்பெட்டிமேல் ஜூனியஸ். கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். மரம் நகர்ந்தது அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் இருமல்கூட இல்லாமல் அவர் முடிக்கிற வரைக்கும் கேட்டது. கடைசித் தந்தியைத் தட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தவர், எதிரே படகு முழுக்கத் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"அடிப்பாவி, என்ன பண்ணித் தொலைச்ச?"

அதற்கப்புறம் எழுந்த சத்தத்தில் படகு கரை சேர்ந்திருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. க்ளோவிஸ் நாற்காலிமேல் ஏறி நின்று கை தட்டினான். ஜூனியஸ் மரப்பெட்டியில் உட்கார்ந்தபடி, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாஞ்சோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் மேடைக்கு வந்தபோது கழுத்து வரை சிவந்திருந்தார். அவர் மனைவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது.

"அப்போ நீ வாசிக்கவே இல்லையா?"

"இல்ல சார்."

"இந்தக் கோடை முழுக்க?"

"ஒரு நாளும் இல்ல சார்."

"அப்போ என் மேடையில என்னதான் பண்ணிட்டிருந்த?"

"பாடினேன் சார்."

"பாட்டை விடு. வேலை என்னன்னு கேட்டேன்."

"அதுதான் சார் என் வேலை."

கேப்டன் அவளை விட்டுவிட்டுப் புரொபசரிடம் திரும்பினார். "உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன். வாத்தியம் இல்லாத ஆளுக்கு என் மேடையில நாற்காலி கிடையாது. அதை எடுத்து வெளிய போடு."

லுவீனியா ரப்பர் பாஞ்சோவை நாற்காலிமேல் வைத்தாள். புரொபசர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் படியிறங்கக் காலை எடுத்து வைத்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சார் சொல்றது நியாயம்தான்" என்றார் ஜூனியஸ்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் எழுந்து வந்து, பாஞ்சோவோடு சேர்த்து அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்துக்குப் பின்னால் வைத்தார். தன் பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், பருத்த உடம்புக்கு இருப்பு சரியாகும்வரை அசைந்தார்.

"பாடுறவளுக்கு நாற்காலி எதுக்கு சார்? வாத்தியக்காரனுக்குத்தான் மடி வேணும். அவ நிக்கட்டும். அங்க, முன்னால."

அவர் கை காட்டிய இடத்தில் அதுவரை யாரும் நின்றதில்லை. அது குழுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இருந்த வெறும் பலகை.

"நிக்கட்டும் கேப்டன்!" என்றாள் மஞ்சள் தொப்பிக்காரி. "காசு கொடுத்த நாங்களே நின்னுட்டுத்தானே இருக்கோம்!"

கூட்டம் ஆமாம் என்றது. கேப்டன் அந்தக் கூட்டத்தை ஒருமுறை கண்ணால் அளந்தார். வியாபாரி, அளக்கத் தெரிந்தவர்.

"அவ எவ்வளவு நேரம் நிக்கிறான்னு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

லுவீனியா அந்தப் பலகையில் போய் நின்றாள். கை இரண்டும் காலியாக இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. பின்னால் கட்டினாள், முன்னால் கொண்டுவந்தாள், கடைசியில் தொங்கவிட்டாள். ஜூனியஸ் மெதுவாக ஆரம்பித்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள், ஆனால் அடக்கி, க்ளோவிஸ் தனிக்கு வழிவிடுகிற மாதிரி. மெகாஃபோன் எங்கேயோ கிடந்தது. ஒரு சுற்றுப் பாடினாள். உட்கார நாற்காலி இல்லை, அதனால் இன்னொரு சுற்றுப் பாடினாள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சலவை நிலையத்தில் குனிந்த குனிவெல்லாம் அந்தக் குரலில் நிமிர்ந்தது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், அதையும் பாட்டிலேயே போட்டாள்.

படகு திரும்பி ஊர் விளக்குகள் தெரியத் தொடங்கியபோதும் அவள் உட்காரவில்லை. கீழ்த்தளத்துக்கு இறங்குகிற வழியில் கேப்டன் புரொபசர் பக்கத்தில் ஒரு நொடி நின்றார்.

"நாளைக்கு அந்த மேடை விளக்கை அவ பக்கமா திருப்பி வை" என்று மட்டும் சொன்னார், முகத்தைப் பார்க்காமல்.

அவர் தலை மறைந்ததும் புரொபசர் ஓடிப்போய் ரப்பர் பாஞ்சோவைக் கீழே வைத்துவிட்டு, மரத்துக்குப் பின்னாலிருந்து நாற்காலியைக் கொண்டுவந்தார்.

"அவர் போயிட்டாரு. உக்காரு தாயி, காலு வீங்கியிருக்கும்."

கால் வீங்கித்தான் இருந்தது. லுவீனியா செருப்பைக் கழற்றி அந்த நாற்காலிமேல் வைத்தாள்.

"செருப்பு உக்காரட்டும், புரொபசர். நான் நின்னுக்கிறேன். அடுத்த பாட்டு என்ன?"